கரப்பான் டீச்சர்

ஷாமிளா தன் இருபத்திரண்டு வருட வாழ்க்கையில் கத்தரிக்காய் தின்றது மொத்தம் நாலே தடவை. நாலும் திருட்டு. கல்யாண வீடுகளில் மூன்று, கோயில் அன்னதானத்தில் ஒன்று. சாமி பார்த்திருக்கும், அம்மா பார்க்கவில்லை, அது போதும்.

கத்தரிக்காய் மட்டுமா? கருவாடு, நண்டு, தக்காளி, அன்னாசி என்று நாக்குக்கு ருசியானது எதுவோ அதெல்லாம் அம்மாவுக்குக் ‘கரப்பான் பண்டம்’. மிச்சம் இருந்தது பருப்பும் புடலங்காயும்தான். “என்னைய வளத்தது அம்மா இல்ல, பொடலங்கா” என்று ஷாமிளா சொல்லுவாள்.

ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது அவளுடைய கன்னம் சிவந்து தடித்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டியது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையில் முடித்தார்கள்: கரப்பான். பச்சைப் பிள்ளைக்குக் கரப்பான் வருவது மாமரத்தில் எறும்பு ஏறுவது போல; யாரும் பதறவில்லை. நடக்கத் தொடங்கினால் போய்விடும் என்றார்கள். நடந்தாள், போகவில்லை. பள்ளிக்கூடம் போனால் போய்விடும் என்றார்கள். பள்ளிக்கூடம் போனாள்; அதுவும் கூடவே வந்து முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் உட்கார்ந்துகொண்டது. ஷாமிளாவாவது சில நாள் மட்டம் போடுவாள். அது ஒரு நாளும் போட்டதில்லை.

ஆறாம் வகுப்பில் ஒருநாள் சார் கரும்பலகையில் கரப்பான் பூச்சி வரைந்து, “இதற்கு எத்தனை கால்?” என்று கேட்டார். பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன் எழுந்து, “சார், எங்க வகுப்புல இருக்கிற கரப்பானுக்கு ரெண்டு காலுதான் சார்” என்றான். சார்கூடச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அவள் பெயர் ‘பூச்சி’. அன்று மாலை வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்துவிட்டு அம்மாவிடம் சத்தியம் வாங்கினாள்.

“இனிமே அந்தச் சொல்ல வெளியில யார்கிட்டயும் சொல்லக்கூடாது. கேட்டா அலர்ஜின்னு சொல்லு.”

அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை. “அலச்சி” என்று சொன்னாள். ஆனாலும் சொன்ன சொல் தவறவில்லை.

பதிமூன்று வயதில் அது தானாகவே அடங்கியது. ஆறு வருடம் ஷாமிளா அரைக்கைச் சட்டை போட்டாள். அந்த ஆறு வருடப் போட்டோக்களில் மட்டும் அவள் கையைத் தூக்கிக்கொண்டே நிற்பாள். பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் கணக்கு இரண்டு தடவை அவளைக் கவிழ்த்தது. இரத்தினபுரியில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். பத்தொன்பதாம் வயதில், போன விருந்தாளி பெட்டி படுக்கையோடு திரும்பி வந்த மாதிரி அது மறுபடியும் வந்தது. இந்தத் தடவை கழுத்து, கண்ணிமை, விரல் இடுக்கு. பிள்ளைகளுக்கு வருகிற நோய் வளர்ந்த பெண்ணுக்கு வந்திருக்கிறதே, உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் என்று நினைத்தாள். கழுத்தில் சால்வை, கையில் முழுக்கை. கலவானைப் பக்கத்துப் புழுக்கத்தில் முழுக்கை போடுவது சோற்றுப் பானைக்குக் கம்பளி போர்த்துவது போல. போர்த்தினாள்.

துணிக்கடையை விட்டுவிட்டுத் தான் பிறந்த ஹப்புகொட தோட்டத்துக்கே திரும்பியவளுக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. கொழுந்து பறிக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகிற தாய்மார் காலையில் விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளை மாலை வரைக்கும் பார்த்துக்கொள்கிற வேலை. பதினாலு பிள்ளைகள். ஆறு மாதம் வேலை பார்த்துக் காட்டினால் நிரந்தரம்.

அந்த வேலை அவளுக்கென்றே யாரோ தைத்து வைத்த சட்டை மாதிரி இருந்தது. திரிபோஷ சத்துமா உருண்டையை விழுங்காத பிள்ளைக்கு முன்னால் அதையே மூக்கில் ஒட்டிக்கொண்டு, “ஐயோ என் மூக்கு பெருசாயிருச்சே” என்று அழுவாள். பிள்ளை அவளுடைய மூக்கைத் தின்று முடித்துவிடும். தூங்காத பிள்ளையிடம், “நீ தூங்காத, நா தூங்குறேன், நீ எனக்குத் தாலாட்டு பாடு” என்று தொட்டிலுக்கடியில் படுத்துக் குறட்டை விடுவாள். பள்ளிக்கூடத்தில் அவளை வாங்கின் மேல் நிற்க வைத்த அதே குறும்பு இங்கே சம்பளத்துக்கு உதவியது. ஐந்து மாதம் இப்படிப் போனது. பிள்ளைத் துணிகளை அலசி அலசி, கிருமி மருந்துத் தண்ணீரில் தரையைத் துடைத்துத் துடைத்து, ஐந்தாம் மாத முடிவில் விரல்கள் வெடித்துவிட்டன.

மாதம் ஒருமுறை கவர்மெண்டு கிளினிக் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வரும். பிள்ளைகளுக்கு நிறை பார்ப்பார்கள், ஊசி போடுவார்கள். அந்த மாதம் புதிதாக ஓர் இளம் டொக்டரம்மா வந்திருந்தார். ஷாமிளா திரைச்சீலையை விலக்கி உள்ளே போனாள். என்ன வருத்தம் நங்கி என்று, தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரி, அவர் சிங்களத்தில் கேட்டார்.

ஷாமிளாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பஸ் கண்டக்டரோடு சண்டை போடுவாள், சந்தையில் பேரம் பேசுவாள், தேவைப்பட்டால் திட்டுவாள். ஆனால் தன் நோயைச் சிங்களத்தில் ஒருநாளும் சொல்ல நேர்ந்ததில்லை. தமிழில் பூச்சிக்கும் நோய்க்கும் ஒரே பெயர். அப்படியானால் சிங்களத்திலும் அப்படித்தானே இருக்கவேண்டும் என்று அவள் மூளை ஒரு நியாயம் கண்டுபிடித்தது. போதாக்குறைக்கு, வேற்றுமொழியில் சொன்னால் வெட்கமும் பாதிதான்.

“மட கெரபொத்தா இன்னவா, மிஸ்.”

எனக்குக் கரப்பான் இருக்கிறது என்று சொன்னதாக அவள் நினைத்தாள். சிங்களத்தில் அதற்குப் பூச்சி என்ற ஒரே அர்த்தம்தான். டொக்டரம்மா உட்கார்ந்திருந்த கதிரையோடு பின்னால் போனார். “கோ? கோ?” எங்கே, எங்கே என்று மேசைக்கடியில் குனிந்தார். நர்ஸ் செருப்பைக் கழற்றி ஓங்கினார்.

“இந்தக் கையில” என்று ஷாமிளா கையை நீட்டினாள். நல்ல வேளை, நர்ஸ் அடிக்கவில்லை.

விஷயம் விளங்கியதும் டொக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அவளுடைய வெடித்த விரல்களைத் தன் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, சத்தமாகவே சொன்னார்: “மேக்க குஷ்டயக் நே, நங்கி!”

இது குஷ்ட அல்லவா என்றார். சிங்களத்தில் ‘குஷ்ட’ என்றால் தோலில் வருகிற சொறி சிரங்குக்கு ஊரில் சொல்லுகிற சாதாரணச் சொல். தமிழில் அதற்குப் பின்னால் ஒரு ‘ம்’ சேர்ந்தால் விரல் உதிர்ந்துவிடும்.

சரியாக அந்த நேரம் பார்த்து மழை இறங்கியது. அந்தப் பக்கத்து மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. தகரக் கூரையில் வண்டி வண்டியாகக் கல் கொட்டினது போலிருந்தது. இது தொற்றாது, உன் வயதில் நிறையப் பேருக்கு இருக்கிறது, பயப்படாதே, இரத்தினபுரி தோல் கிளினிக்குக்குக் கடிதம் தருகிறேன் என்பதையெல்லாம் டொக்டரம்மா அவள் காதருகே குனிந்து கத்த வேண்டியிருந்தது. காதருகே கத்தியது காதுக்கு மட்டும்தான் கேட்டது. திரைச்சீலைக்கு வெளியே போனது முதல் பாதி.

வெளியே பெஞ்சில் தினேஷ் தன் மகனுக்கு நிறை பார்க்க வந்து காத்திருந்தான். த்ரீவீல் ஆட்டோ ஓட்டுபவன், வயது இருபத்தாறு. வெயிலோ மழையோ, முழுக்கைச் சட்டை மணிக்கட்டில் பட்டன் போட்டபடி இருக்கும். பசாரில் அவனை ‘மாப்ள’ என்றுதான் கூப்பிடுவார்கள், எந்நேரமும் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருப்பதால். ஷாமிளா வெளியே வந்தபோது பிள்ளை பெஞ்சில் தனியாக உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பன்காரன் ஓர் எட்டுத் தள்ளி, பேயைக் கண்டவன் போல நின்றிருந்தான்.

“என்னாண்ணே, ஊசி ஒங்களுக்கா?” என்று கேட்டுவிட்டு அவள் மழையில் ஓடினாள்.

மறுநாள் பிள்ளைக் காம்பராவுக்கு ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த நாள் ஆறு. வெள்ளிக்கிழமை நாலு. காய்ச்சல் பரவுகிறது போல என்று ஷாமிளா நினைத்தாள். மிச்சமிருந்த நாலில் பெரியவளான ஒரு நாலு வயதுக்காரி, கஞ்சி குடித்துக்கொண்டே அவள் கையை உற்றுப் பார்த்தது.

“டீச்சர், ஒங்க வெரலு எப்ப விழும்?”

“ஏன் விழணும்?”

“அம்மா சொன்னாங்க. விழுந்தா எனக்கு ஒண்ணு தர்றீங்களா?”

ஷாமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. “சுண்டு வெரல் ஒனக்குத்தான்” என்று வாக்குக் கொடுத்தாள். பிறகு கோப்பை கழுவுகிற இடத்துக்குப் போய் நின்றபோது அந்தச் சிரிப்பைக் காணவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றாள்.

அன்று மாலை தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் தினேஷின் மனைவி நிரோஷாவைப் பிடித்தாள்.

“நிரோஷாக்கா, ஏன் கவிய அனுப்பல?”

“காய்ச்ச.”

“காய்ச்சக்கார புள்ளயா அந்தா கோழிய வெரட்டிக்கிட்டு ஓடுது?”

“ஓடுனா ஓடுது. தள்ளி நில்லு புள்ள, கொடத்துல கை வைக்காத.”

“என்னான்னு நேரா சொல்லுங்களேன்.”

“என் வாயால சொல்ல வைக்காத. டொக்டரம்மாவே சொல்லியிருக்கு, ஒனக்குக் குஷ்டம்னு. காதால கேட்டவங்க இருக்காங்க.”

ஷாமிளாவுக்கு எல்லாம் விளங்கியது. “ஐயோ அக்கா, அது சிங்கள குஷ்ட! நம்ம குஷ்டம் இல்ல!”

“குஷ்டத்துல என்னா சிங்களம், தமிழு? வெரலு எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் விழும்.” நிரோஷா குடத்தை இடுப்பில் ஏற்றினாள். “சரி, அது இல்லன்னா வேற என்னா வருத்தம்? பேரச் சொல்லு பாப்போம்.”

சுற்றி நின்ற ஐந்தாறு பேரும் தண்ணீர் பிடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே ஆறாம் வகுப்புப் பின்வரிசை வாங்கும் வந்தது.

“அலர்ஜி” என்றாள்.

“பேர் தெரியாத வருத்தத்துக்கெல்லாம் இப்ப அலர்ஜிதான்” என்று சொல்லிவிட்டு நிரோஷா நடந்தாள்.

திங்கட்கிழமை, தோட்டத்து ஆட்களின் நலன் பார்க்கிற வெல்பெயார் மிஸ் மஸீஹா வந்தார். கலவானைக்காரர், ஸ்கூட்டியில் தோட்டம் தோட்டமாகப் போகிறவர். வெறும் தொட்டில்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“எனக்கு உங்கள நல்லாத் தெரியும் ஷாமிளா. ஆனா புள்ள இல்லாத பிள்ளைக் காம்பராவுக்கு டீச்சர் எதுக்குன்னு தொரை கேப்பாரு. நான் என்னத்தச் சொல்ல? பெரிய டொக்டர்கிட்ட ஒரு கடிதம் எடுத்துட்டு வாங்க. வார மாசம் முதல் ஞாயித்துக்கிழமை தாய்மார் கூட்டம் வைப்பம். அவங்க சரின்னா உங்கட நிரந்தரப் பேப்பர நானே கொண்டு போய்க் குடுப்பன். இல்லன்னா…”

இல்லையென்றால் என்னவென்று அம்மா வீட்டில் சொன்னாள். “இல்லாட்டி என் கூட மலைக்கு வா. கொழுந்துக்கு யாரு கைன்னு தெரியாது.” பிறகு, “நா ஒரு சொல்லு சொன்னா முடிஞ்சிரும்டி. சொல்லவா?” என்றாள்.

“சொல்லாத.”

“ஆறாம் வகுப்பு முடிஞ்சு பத்து வருசத்துக்கு மேலாச்சுடி.”

“சொல்லாதம்மா!”

கிளினிக்குக்குக் கிடைத்த தேதி, செவ்வாய்க்கிழமை. முதல் பஸ்ஸில் இரத்தினபுரிக்குப் போனாள். தோல் கிளினிக் என்றால் பல் போன கிழவர்கள் கூட்டமாக இருப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். போய்ப் பார்த்தால், ஏதோ டியூட்டரி வகுப்பு விட்ட மாதிரி இருந்தது. கம்பஸ் பையோடு ஒருவன். கழுத்துப்பட்டி கட்டிய பேங்க் பையன். கார்மெண்டில் வேலை செய்யும் மூன்று பெண்கள். பக்கத்தில் பர்தாவுக்குள்ளிருந்து கையை விசிறிக்கொண்டு ஒருத்தி. ஆதிலா என்று பெயர், இருபது வயது.

“உங்களுக்கு எங்க?” என்று ஆதிலா கேட்டாள், ஏதோ ஊர் கேட்பது போல.

“கை, கழுத்து. ஒங்களுக்கு?”

“எனக்குக் கண்ணுக்கு மேலயும் முழங்கைக்குள்ளயும். படிப்புச் சோதனை வந்தா ரெண்டு மடங்கு.”

“நா எனக்கு மட்டும்னு நெனச்சேன்.”

“நானும்தான்! இங்க இரிக்கிற எல்லாரும் அப்படித்தான் நினைச்சிட்டு வந்திரிக்காங்க.”

நர்ஸ் நிற்கும்வரை ஒருவரும் சொறியவில்லை. எல்லோரும் கோயிலில் நிற்பது போல நின்றார்கள். நர்ஸ் உள்ளே போனதும் பேங்க் பையன் மெதுவாகக் கழுத்துப்பட்டிக்குள் விரலை விட்டான். அதைப் பார்த்து ஆதிலாவுக்கு அரித்தது. ஆதிலாவைப் பார்த்து ஷாமிளாவுக்கு. அரை நிமிடத்தில் வரிசை முழுக்கச் சரக் சரக்கென்று தேங்காய் துருவுகிற சத்தம். கொட்டாவியைப் போலத்தான், இந்த நோயில் தொற்றுகிற சமாச்சாரம் அது ஒன்றுதான்.

வரிசையின் கடைசியில் ஒருவன் மட்டும் சிங்களப் பேப்பரை முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்திருந்தான். பேப்பருக்குக் கீழே பட்டன் போட்ட முழுக்கை தெரிந்தது. ஷாமிளா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னாண்ணே போட்டிருக்கு?”

தினேஷுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. “மழையாம்” என்றான்.

“அது கல்யாண விளம்பரம்ண்ணே.”

பேப்பர் மெல்ல இறங்கியது. தினேஷின் முகத்தில் தூக்கம் இல்லை, சவரம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த த்ரீவீலை வீட்டில் விட்டுவிட்டு, அவள் வந்த அதே பஸ்ஸில் பின்சீட்டில் குனிந்து வந்திருக்கிறான்.

“ஷாமி… ஒனக்கு மட்டுமில்ல” என்று சொன்னான். “எனக்கும் குஷ்டந்தான்.” ஒரு கைப் பட்டனைக் கழற்றிச் சட்டையை மேலே தள்ளினான். முழங்கை மடிப்பில், அவளுக்கு இருப்பதைப் போலவே சிவந்து தடித்துக் கிடந்தது. “கல்யாணத்துக்கு முந்தியே இருக்கு. நிரோஷாவுக்குத் தெரியாது. அன்னைக்கு ஒன் கையப் பாத்துட்டு டொக்டரம்மா சொன்னத வெளிய இருந்து கேட்டேன். ஒனக்கு அதுன்னா எனக்கும் அதுதானே? பதினஞ்சு நாளா புள்ளயத் தூக்கல, ஷாமி. ஓடி வருவான், நா தள்ளிப் போயிருவேன்.”

ஷாமிளாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. “அப்ப ஊரெல்லாம் பரவுனது ஒங்க வாயிலருந்தா?”

“நிரோஷாகிட்ட மட்டுந்தான் சொன்னேன். கவிய அங்க அனுப்பாதன்னு.”

“அது போதுமே. லவுட்ஸ்பீக்கருக்கு வயர் குடுத்துட்டு நா பேசலன்னா?”

திட்டுவதற்கு இன்னும் நாலைந்து வைத்திருந்தாள். ஆனால் அவன் சட்டையை மறுபடி இறக்கிப் பட்டன் போட முயன்றான். விரல் நடுங்கியதால் ஓட்டையே அகப்படவில்லை. அவள் கையை நீட்டி அந்தப் பட்டனைப் போட்டுவிட்டாள். பிள்ளைக் காம்பராவில் தினமும் பதினாலு பேருக்குச் செய்கிற வேலைதானே.

“அண்ணே, நீங்க பாதிதான் கேட்டீங்க. மழ வந்துருச்சு. மிச்சப் பாதி நா சொல்றேன்” என்று தொடங்கினாள்.

உள்ளே இருந்த பெரிய டொக்டர் இருவரையும் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான் என்றார். சிலருக்குக் குழந்தையிலிருந்தே வரும், போனது மாதிரிப் போய் இருபதில் திரும்பும். சிலருக்கு இருபதில்தான் புதிதாகவே வரும். “நீங்க வந்த பஸ்ல அம்பது பேர் இருந்திருந்தா, உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு இன்னும் ரெண்டு பேருக்காவது இருந்திருக்கும். கையை மூடியிருப்பாங்க, அவ்வளவுதான்” என்றார். அடக்கலாம், அடியோடு போகும் என்று சொல்ல முடியாது. குளித்து ஈரம் காய்வதற்குள் கிரீம் பூச வேண்டும், காரமான சவக்கார சோப்பு கூடாது, துணி அலசக் கையுறை வேண்டும், மருந்துக் களிம்பு சொன்ன நாளுக்கு மட்டும். தினேஷ் ஒரே கேள்விதான் கேட்டான்: “புள்ளயத் தூக்கலாமா?” இப்போதே போய்த் தூக்கு என்றார் டொக்டர்.

கடிதம் எழுதும்போது அவர் முதல் வரியிலேயே சிங்களத்தில் ‘குஷ்ட’ என்று எழுதப் போனார். ஷாமிளா மேசையில் பாய்ந்து பேனாவைப் பிடிக்காத குறைதான். தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இத்தனை வருஷமா எத்தனை தமிழ் ஆக்கள்கிட்ட இந்தச் சொல்லச் சொல்லியிருப்பேன்” என்று தனக்குள் பேசுவது போலச் சொன்னார். “உண்மையான அந்த நோயே வந்தாலும் இப்ப குளிசை மருந்து இருக்கு நங்கி, அதுக்கும் யாரையும் தள்ளி வைக்கத் தேவையில்ல” என்றார். பிறகு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்.

“கத்தரிக்கா சாப்பிடலாமா, சேர்?” என்று வாசலில் திரும்பி நின்று கேட்டாள்.

“சாப்பிட்டுப் பாருங்க. கூடினா விடுங்க. கூடாட்டி, பாவம், அதுமேல ஏன் பழி?”

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் தினேஷ் சோறு வாங்கிக் கொடுத்தான். ஐந்தாவது கத்தரிக்காய். முதல் நியாயமான கத்தரிக்காய். திருட்டில் இருந்த ருசி இதில் கொஞ்சம் குறைவுதான்.

“நிரோஷாகிட்ட சொல்லிராத, ஷாமி” என்றான் தினேஷ், சோற்றைப் பிசைந்துகொண்டே. “மறைச்சிட்டேன்னு பேசுவா.”

“என் வாயி ஒங்க வாயி மாதிரி இல்லண்ணே” என்றாள் ஷாமிளா.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பிள்ளைக் காம்பராவிலேயே நடந்தது. கதிரைகள் எல்லாம் மூன்று வயதுக்காரர்களுக்கானவை. பெரியவர்கள் முழங்கால் தாடையில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். அந்த இருப்பில் யாராலும் அதிக நேரம் கோபமாக இருக்க முடியாது என்று ஷாமிளா நம்பினாள். நிரோஷா இருந்தாள். தினேஷ் கதவோரம் நின்றான், முழுக்கையோடு.

மஸீஹா மிஸ் கடிதத்தை விரித்து, “இவங்களுக்கு இருக்கிறது எட்டோபிக் எக்ஸிமா. தொத்தாதுன்னு டொக்டர் எழுதியிருக்கார்” என்றார்.

அறையில் ஒரு சலசலப்பு.

“என்னா சீமா?”

“குஷ்டத்துக்கு இங்கிலீசு பேரு அதுதான் போல.”

“அந்தப் பேரக் கேட்டாலே வெரலு விழும் போலருக்கே!” என்றாள் நிரோஷா. பின்னாலிருந்து இன்னொருத்தி, “மிஸ், பேப்பர்ல என்னாவும் எழுதலாம். எங்க புள்ளைங்களுக்கு வந்தா பேப்பரா பாக்கும்?” என்றாள். மிஸ் கடிதத்தை மடித்தார். மடித்த விதத்திலேயே ஷாமிளாவுக்கு விளங்கிவிட்டது: நிரந்தரப் பேப்பரும் அதோடு மடிகிறது.

அவளிடம் இன்னொரு சீட்டு இருந்தது. கதவோரம் நிற்கிறவனைக் காட்டி, உங்க வீட்டுக்காரர் கையைப் பாருங்கக்கா என்றால் போதும். நிரோஷாவின் வாய் அடைந்துவிடும். தினேஷும் அதைத்தான் எதிர்பார்த்தவன் போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்து ஷாமிளாவாக இருந்தால் சொல்லியிருப்பாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தியம் உள்ளே முட்டிக்கொண்டு நின்றது.

ஷாமிளா எழுந்தாள். சால்வையை எடுத்தாள். இரண்டு கையையும் முழங்கைக்கு மேல் சுருட்டி நீட்டினாள்.

“கரப்பான்” என்றாள். “எனக்குக் கரப்பான்.”

முன்னால் இருந்தவர்கள் குனிந்து அவள் கையைப் பார்த்தார்கள்.

“கரப்பானா?” என்று ஒருத்தி கேட்டாள். “ஏங்க, சின்ன புள்ளைங்களுக்கு வருமே, கன்னத்துல, அந்தக் கரப்பானா?”

“அதே கரப்பான்தான்.”

“அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்னா!”

“பதினோரு வருசமாச் சொல்ல விட்டாளா இவ?” என்று அம்மா வெடித்தாள். “பொடலங்காயா போட்டுப் போட்டு வளத்தேன்!”

நிரோஷா மட்டும் விடவில்லை. ஆனால் குரல் இறங்கியிருந்தது. “கரப்பான் புள்ளைங்களுக்குத்தானே வரும்? எளந்தாரிக்கும் கொமரிக்கும் எங்கயாவது வருமா?”

“வரும்.”

கதவோரமிருந்து வந்தது அந்தக் குரல். தினேஷ் பட்டனைக் கழற்றினான். இந்தத் தடவை விரல் நடுங்கவில்லை. முழுக்கை இரண்டும் மேலே ஏறின.

நிரோஷா சின்னக் கதிரையோடு எழுந்துவிட்டாள். கதிரை இடுப்பில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. “இதுக்கா? இதுக்கா புள்ளயத் தூக்காம திரிஞ்ச? நா வேற ஒரு பொம்பளன்னு நெனச்சிக் கோயிலுக்கு நேந்து வச்சிருக்கேன்யா! என்கிட்ட சொல்லக் கூடாதா?” சொல்லிக்கொண்டே வந்து அவன் கையைப் பிடித்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் தன் முந்தானை நுனியால் அந்த முழங்கை மடிப்பின் வியர்வையைத் துடைத்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கொழும்பில் கடை வேலை பார்த்து லீவில் வந்திருந்த சுரேந்திரன் காலரைத் திறந்து கழுத்தைக் காட்டினான். ஒருத்தி, கார்மெண்டுக்குப் போகிற தன் தங்கை கையை மறைத்துக்கொண்டே சாப்பிடுகிறாள் என்றாள். மஸீஹா மிஸ் பைக்குள்ளிருந்து ஒரு சிறு கிரீம் டியூபை எடுத்து மேசையில் வைத்தார். “எனக்குக் காதுக்குப் பின்னால. அதான் எந்த நாளும் இத வச்சிருக்கன்” என்றார். கூட்டம் முடிவதற்குள் ஐந்து பேர். ஐந்து பேரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்தவர்கள்.

நிரந்தரப் பேப்பரைத் திங்கட்கிழமை மிஸ்ஸே கொண்டுபோய்க் கொடுத்தார். அன்று பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை பதின்மூன்று. பதினாலாவது பிள்ளையின் தாய் இன்றுவரை அனுப்பவில்லை; பாதையில் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறாள். அதுவும் ஒருநாள் வரும் என்று ஷாமிளா அந்தத் தொட்டிலைக் கழற்றாமல் வைத்திருக்கிறாள்.

விரல் வெடிப்பு ஆறிவிட்டது. முழங்கை மடிப்பு சில வாரம் அடங்கும், சில வாரம் கிளம்பும். அவள் அரைக்கைச் சட்டைதான் போடுகிறாள். காலையில் கிரீம் பூச உட்கார்ந்தால் தினேஷின் மகன் கவிக்கு ஒரு பொட்டு வேண்டும், அவனுக்குக் கொடுத்தால் பதின்மூன்று பேருக்கும் வேண்டும்.

போன வாரம் பால்மா அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு நிஜமான கரப்பான் பூச்சி வெளியே வந்து, மீசையை ஆட்டிக்கொண்டு நடுத்தரையில் நின்றது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். கவி கையைத் தட்டிக்கொண்டு துள்ளினான்.

“கரப்பான் டீச்சர்! கரப்பான் டீச்சர்! ஒங்க சொந்தக்காரன் வந்திருக்கான்!”

ஷாமிளா ஈர்க்குமாறை எடுத்தாள். சொந்தக்காரன் என்று பார்க்கவில்லை. ஒரே அடி.